எங்க பால் எங்களுக்கு

1

"குழந்தைகள் பொதுப் போராட்டங்களில் கலந்துகொள்ளலாமா? வாசகர்கள் தங்கள் கருத்தை எழுதலாம்" என்று உங்கள் பத்திரிகையில் கேட்டிருக்கிறீர்கள். பக்கத்திலேயே ஒரு படம். ஏழெட்டு வயதுப் பையன் கொடியைப் பிடித்துக்கொண்டு ஊர்வலத்துக்கு முன்னால் நிற்கிறான். அவனுக்குப் பின்னால் மேல்துண்டு போட்ட பெரியவர்கள். கீழே 'வீரச் சிறுவன்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். நான் அந்தப் பையனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் பொறுக்காமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பக்கவாட்டில் யாரையோ தேடுகிறான். அவன் அம்மாவைத் தேடுகிறான் என்று நினைக்கிறேன்.

கருத்துத்தானே கேட்டீர்கள், எழுதுகிறேன். ஆனால் பதமாக எழுத எனக்கு இப்போது வராது. போன வாரம்தான் புலாவ் செபாங் ரயில் ஸ்டேஷனில் ஒருத்தியை வழியனுப்பிவிட்டு வந்திருக்கிறேன். பெயர் லெட்சுமி. மலாயா சர்க்கார் அவளை நாடு கடத்துகிறது. எந்த நாட்டுக்கு என்கிறீர்களா? உங்கள் நாட்டுக்குத்தான். அவள் பிறந்தது இங்கே, இந்த மலாக்கா ரப்பர்த் தோட்டத்தில். நாகப்பட்டினம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள், அவள் கூடப் போனாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

2

என் வீட்டுக்காரர் டுரியான் துங்காலுக்கு உள்ளடங்கிய ஒரு தோட்டத்தில் கிராணி, உங்கள் பாஷையில் கணக்கப்பிள்ளை. கல்யாணமாகி மாயவரத்திலிருந்து நான் வந்து இறங்கிய மறுநாளே இந்த ஊர்த் தமிழ் என் காலை வாரிவிட்டது. காப்பிக்குப் பால் வேண்டியிருந்தது. வேலி ஓரமாகப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, கொஞ்சம் பால் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பாலா? ஸ்டோர்ல இருக்கு கிராணியம்மா. வாளி வாளியா இருக்கு. உங்களுக்கு எதுக்கு?"

"காப்பியில் ஊற்றத்தான்."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, அவளே ஓடிப்போய் ஒரு டம்ளரில் டின் பால் கரைத்துக் கொண்டுவந்தாள். அவள்தான் லெட்சுமி. அப்போது பாவாடை தாவணிப் பெண்.

இங்கே பால் என்றால் ரப்பர் மரத்தில் வடிகிற பால். பால் வெட்டுவது, பால் தூக்குவது, பால் நிறுப்பது எல்லாம் அதுதான். வாயில் ஊற்றிக் குடிக்கிற பாலுக்கு மலாய்க்காரர்களின் சொல்லையே எடுத்துக்கொண்டு 'சூசு' என்பார்கள். எனக்கு ஆரம்பத்தில் அதைக் கேட்டாலே காது கூசும். என் மகள் சாந்தா பேச ஆரம்பித்தபோது, சூசு என்று சொல்லாதே, பால் என்று சொல் என்று திருத்திக்கொண்டே இருப்பேன். அவள் கேட்க மாட்டாள். "பால்னா மரத்துப் பால் லா மா!" என்று இந்த ஊர் 'லா'வையும் சேர்த்துச் சொல்வாள், எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை என்கிற மாதிரி. போகப்போக நானும் விட்டுவிட்டேன். இப்போது கடையில் போய், "சூசு ஒரு டின்" என்றுதான் கேட்கிறேன். மாயவரத்தில் இருக்கும் என் அக்காவுக்கு இது தெரிந்தால் தலையில் அடித்துக்கொள்வாள்.

3

இங்கே சில வருஷமாக அவசரகாலம் நடக்கிறது. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சோறு கொடுத்துவிடக் கூடாது என்று ஆட்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றிக் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். காலையில் பால் வெட்டப் போகிறவர்களை வாசலில் நிறுத்தி, மடியை உதறச் சொல்லிப் பார்ப்பார்கள். ஒரு பிடி சோறு இருந்தாலும் குற்றம். வெறும் வயிற்றோடு போய் மத்தியானம் வரை மரத்துக்கு மரம் ஓட வேண்டும். கடையில் டின் வாங்கினால், சேர்த்து வைக்க முடியாதபடி கடைக்காரரே அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். ஐ.சி. என்கிற அடையாளக் கார்டை மறந்துவிட்டு வாய்க்காலுக்குப் போனவள்கூட பதில் சொல்லி மாளாமல் அழுதுகொண்டு வந்திருக்கிறாள். இதெல்லாம் இப்போது எங்களுக்குப் பல் தேய்க்கிற மாதிரி பழகிவிட்டது. பழகிவிட்டதே என்று நினைத்தால்தான் ஆத்திரம் வருகிறது.

தாய்மார் வேலைக்குப் போனதும் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்துக்கு ஆயாக்கொட்டகை என்று பெயர். லெட்சுமி அங்கே ஆயா. தோட்டம் கொடுக்கும் டின் சூசுவைச் சுடுதண்ணீரில் கரைத்து, தூளிகளில் கிடக்கும் அத்தனை குழந்தைகளுக்கும் புகட்டுவாள். அவள் பிள்ளை மாரியும் அதில் ஒருவன். புருஷன் பாம்பு கடித்துச் செத்த பிறகு பிறந்தவன்.

போன வருஷம் இதே பருவத்தில், இலை உதிரும் சமயத்தில், காட்டோரம் ஒரு காலி சூசு டின் கிடைத்தது. காட்டுக்காரர்களுக்கு யாரோ கொடுத்திருக்கிறார்கள், யார் என்று சொல்லும்வரை ஆயாக்கொட்டகைக்கு டின் கிடையாது என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை நிறுத்திவிட்டார். யாருக்குத் தெரியும், யார் சொல்வது? தூளியில் கிடக்கிறதுகள் கஞ்சித் தண்ணீர் குடித்தன. சிலதுகளுக்கு வயிறு போக ஆரம்பித்தது.

பெரியவர்கள் கூட்டம் போட முடியாது, சட்டம். ஆகவே பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு எல்லாரும் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கூடினோம். வாத்தியார்தான் யோசனை சொன்னார். இந்தியாவிலிருந்து புதிதாக வந்த இளைஞர். சிறுவனாக இருந்தபோது சுதந்திர ஊர்வலத்தில் போனதைப் பற்றி வகுப்பில் அவர் சொல்லாத நாள் கிடையாது.

"பெரியவர்கள் போனால்தானே சுடுவார்கள்? குழந்தைகளை அனுப்புவோம். ஆபீஸ் வாசலில் போய்க் கேட்கட்டும். குழந்தைகள் மேல் கைவைக்க எந்தச் சர்க்காருக்கும் துணிச்சல் வராது."

"அதானே! சின்னப் பிள்ளைங்கள என்னா செஞ்சிருவான்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தலைகள் ஆடின. என் வீட்டுக்காரர் தலையும் ஆடியது.

லெட்சுமிதான் எழுந்தாள்.

"எம்மாம் ஆம்பளைங்க இருக்கீங்க! உங்க உசுரு மட்டும் வெல்லக்கட்டி, பிள்ளைங்க உசுரு காலி டின்னா? வாசல்ல துப்பாக்கி வச்சிருக்கானே, அவனே மீச மொளைக்காத பையன். அவனுக்குப் பயம் வந்தா பெரியவன் சின்னவன்னு பாத்தா சுடுவான்?"

"அப்படின்னா நீயே வேற வழி சொல்லேன்" என்றார் வாத்தியார்.

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. எங்கள் யாருக்கும் தெரியவில்லை. பிறகு, "பிள்ளைங்க தனியா போவக் கூடாது. நானும் கூடப் போறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். வேறு யாரும் அப்படிச் சொல்லவில்லை.

4

நானும் ஒரு காலத்தில் வீரச் சிறுமிதான். மாயவரத்தில் சீமைத் துணி விற்கிற கடைக்கு முன்னால் என்னையும் கொடியோடு நிறுத்தியிருக்கிறார் என் அப்பா. எனக்கு அப்போது சாந்தா வயசுகூட இல்லை. அன்றைக்கு நடந்ததில் எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது ஒன்றுதான். எனக்கு ஒன்றுக்கு வந்தது. அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். அவர் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார், குனிந்து பார்க்கவில்லை. போலீஸ்காரன் தடியோடு வந்தபோது நின்ற இடத்திலேயே பாவாடை நனைந்துவிட்டது. சாயங்காலம் எனக்கு மாலை போட்டு லட்டு கொடுத்தார்கள். பாவாடையை மாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நாடு பெரிது, பாவாடை சின்னது, எனக்கும் தெரியும். ஆனாலும் லட்டைக் கடித்துக்கொண்டு அந்த ஈரத்தோடு உட்கார்ந்திருந்தது இன்னும் உறுத்துகிறது.

ஆகவே சாந்தாவை நான் போகக் கூடாது என்றேன். அவள் டவுனில் கான்வென்ட் பள்ளியில் படிக்கிறவள். அன்று சனிக்கிழமை, லீவு. "அவங்க எல்லாரும் போறாங்கம்மா, நான் மட்டும் வீட்ல குந்திக்கிட்டு இருக்கவா?" என்றாள். நான் அடுப்பைப் பார்க்கத் திரும்பிய நேரத்தில் ஓடிவிட்டாள்.

கோஷத்தை வாத்தியார் சொல்லிக்கொடுத்திருந்தார். 'எங்க பால் எங்களுக்கு.' ஒரு பெண் எழுந்து, "சார், சூசுன்னு சொன்னாதான் புரியும்" என்றாளாம். "சூசு தமிழே இல்லை. போராட்டத்தில் நல்ல தமிழ் பேச வேண்டும்" என்று அதட்டி உட்கார வைத்தாராம். இதைப் பிறகு சாந்தா சொன்னாள்.

ஆளுக்கு ஒரு தகரக் குவளையோடு பிள்ளைகள் வரிசையாக ஆபீஸ் மேட்டில் ஏறியதை வீட்டு வாசலிலிருந்து பார்த்தேன். பெரியதுகள் சின்னதுகளை இடுப்பில் தூக்கிக்கொண்டிருந்தன. லெட்சுமி கடைசியில் மாரியைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்தங்குகிறவர்களை முன்னால் தள்ளிக்கொண்டு போனாள். ஆண்கள் பால் வெட்டப் போய்விட்டார்கள். வாத்தியாருக்குக் காய்ச்சல்.

துரை வெளியே வந்து முதலில் சிரிக்கத்தான் செய்தார். ஆனால் அன்று கார்டு சோதனைக்காக ஒரு போலீஸ் ஜீப்பும் வந்து நின்றிருந்தது. அதிலிருந்த வெள்ளைக்கார அதிகாரி, பிள்ளைகள் என்ன கத்துகிறார்கள் என்று கூட வந்த தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "ரப்பர்ப் பால் எங்களுக்கே சொந்தம் என்கிறார்கள்" என்று இங்கிலீஷில் சொன்னார். ஆபீஸ் ஜன்னலுக்குள் நின்ற என் வீட்டுக்காரர் இதைக் காதால் கேட்டார்.

தோட்டத்துப் பால் தொழிலாளிக்கே சொந்தம் என்று இந்தக் காலத்தில் யார் சொல்வார்கள்? காட்டில் இருப்பவர்கள் சொல்வார்கள். அதிகாரியின் முகம் மாறியது. விசில் ஊதினார்கள், வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு. பிள்ளைகள் குவளைகளைப் போட்டுவிட்டு நாலா பக்கமும் சிதறினார்கள். நான் செருப்பில்லாமல் மேட்டில் ஓடினேன். சாந்தா ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் பாவாடை நனைந்திருந்தது. லெட்சுமி ஓடவில்லை. ஓட முடியாத பொடிசுகளை வாரி அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். ஊர்வலத்தில் வந்தவர்களில் பெரிய ஆள் அவள் ஒருத்திதான். ஆகவே அவள்தான் தலைவி என்று ஜீப்பில் ஏற்றினார்கள். மாரி அவள் தோளை விடவில்லை, அவனையும் சேர்த்து ஏற்றினார்கள்.

5

என் வீட்டுக்காரர் மறுநாள் துரையிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். தன் கையை விட்டுப் போய்விட்டது என்றார் துரை. அதோடு இவருக்குத் தைரியம் தீர்ந்துவிட்டது. "நமக்கேன் வம்பு, தனம்? நம்ம பேரையும் எழுதிக்குவாங்க" என்று என்னையும் தடுத்தார். நான் பஸ் பிடித்து டவுன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன்.

மொழிபெயர்ப்பாளர் மரியாதையானவர். நாற்காலி போட்டார். நான் நேராகக் கேட்டேன்.

"பால்னா என்னங்க?"

"மரத்துல வர்றதும்மா."

"கையில குவளைய வச்சுக்கிட்டு ஆறு வயசுப் பிள்ளை ரப்பர்ப் பாலையா கேக்கும்?"

அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"நீங்க சின்னப் பிள்ளையில என்ன குடிச்சீங்க?"

"நானும் தோட்டத்துப் பிள்ளைதாம்மா. எங்கம்மா விடியிறதுக்குள்ள வேலைக்குப் போயிரும். ஆயாக்கொட்டகையிலதான் வளந்தேன். சூசு குடிச்சேன். அதைப் பால்னு எங்கள்ல ஒருத்தரும் சொன்னதில்ல. அதுங்க கத்துனப்ப எனக்கு வேற அர்த்தமே தோணலம்மா. சத்தியமா."

"இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல? உள்ள போய் அவர்கிட்டச் சொல்லுங்க."

அவர் அதிகாரியின் அறைக் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "மாத்திச் சொன்னா யாரு சொல்லி மாத்துறேன்னு கேப்பாங்க. அப்புறம் நானும் உள்ளதான் லா. எழுதினது எழுதினதுதாம்மா. தயவுசெஞ்சு போங்க."

அவர் மேல் பரிதாபப்படச் சொல்கிறார் என் வீட்டுக்காரர். பிழைப்பு அப்படி, பயம் அப்படி என்கிறார். எனக்குப் பரிதாபம் வரவில்லை. ஆயா ஊட்டிய சூசுவில் வளர்ந்த மனிதர் ஓர் ஆயாவுக்காக எழுந்து ஒரு கதவைத் தட்டவில்லை. கண்டுபிடித்து மொழிபெயர்க்கிற அளவுக்குக் கஷ்டமான சொல்லா அது?

6

பிறகு நடந்ததையும் கேளுங்கள். சில வாரம் கழித்து, அந்தக் காலி டின் எப்படி வந்தது என்று தெரிந்துவிட்டது. வேலிக் காவல்காரர்களே டீ போட்டுக் குடித்துவிட்டுக் காட்டோரம் எறிந்திருக்கிறார்கள். துரை யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஆயாக்கொட்டகைக்கு மறுபடியும் டின் அனுப்ப ஆரம்பித்தார். லெட்சுமி தடுப்பு முகாமில் அடைபட்டேதான் கிடந்தாள். லயத்தில் இப்போது எல்லாரும், "பிள்ளைங்க போனதாலதான் சூசு வந்துச்சு" என்கிறார்கள். வாத்தியார் சுங்கை ரம்பாய் பக்கம் வேறொரு பள்ளிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். அங்கே வகுப்பில் இப்போது புதிதாக ஒரு கதை சொல்கிறாராம், துப்பாக்கிக்கு அஞ்சாத தோட்டத்துக் குழந்தைகளின் கதை. அந்தக் கதையில் லெட்சுமி வருவதில்லை என்று கேட்டவர்கள் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாந்தா மாறிவிட்டாள். பஸ்ஸில் நான் தமிழில் பேசினால் என் கையைக் கிள்ளுகிறாள். "மெதுவா லா அம்மா. நீங்க ஒண்ணு சொல்வீங்க, அவங்க வேற ஒண்ணு எழுதுவாங்க" என்கிறாள். வீட்டிலும் இங்கிலீஷ்தான். நான் கேட்டால் ஒரு சொல், அதுவும் முணுமுணுப்பாக. பிள்ளைகள் வெளிநாட்டில் தமிழை மறக்கிறார்கள் என்று நீங்கள் வருத்தப்பட்டு எழுதுகிறீர்களே, என் பிள்ளை மறக்கவில்லை. பயந்துபோய் விட்டுவிட்டாள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிள்ளைகள் போகக் கூடாது என்று ஒரேயடியாகச் சொல்ல என்னால் முடியாது. மாயவரத்தில் நான் பிடித்தது என் அப்பாவின் கொடி. ஆனால் இந்தப் பிள்ளைகள் ஏந்திக்கொண்டு போனது அவர்களுடைய சொந்தக் குவளை. அவர்களுடைய தம்பி தங்கைகளின் வயிறு காய்ந்தது. தன் வயிற்றுக்குக் கேட்கப் பிள்ளைக்கு உரிமை இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆனால் நீங்கள் கேள்வியைத் தப்பான ஆளிடம் கேட்கிறீர்கள். அந்தப் படத்தில் பையனுக்குப் பின்னால் நிற்கிற மேல்துண்டுக்காரர்களைக் கேளுங்கள், ஏன் ஐயா பின்னால் நிற்கிறீர்கள் என்று. வேட்டுச் சத்தம் கேட்டால் தரையில் உட்கார்ந்து அந்தப் பையனை அணைத்துக்கொள்ள உங்களில் யார் இருக்கிறீர்கள்? ஒருவரும் இல்லையென்றால் அவனை வீட்டுக்கு அனுப்புங்கள், கொடியை நீங்கள் பிடியுங்கள்.

7

முகாமிலிருந்து அவளைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகிறார்கள், ரயில் புலாவ் செபாங்கில் நிற்கும் என்று ஆபீஸில் என் வீட்டுக்காரர் காதில் விழுந்தது. இந்த முறை அவர் என்னைத் தடுக்கவில்லை. அவரும் வந்தார், ஆனால் பிளாட்பாரத்தின் மறுகோடியிலேயே நின்றுகொண்டார். சாந்தாவைக் கூப்பிட்டேன், வரவில்லை.

ஸ்டேஷனுக்கு எதிரே காப்பிக்கடையில் ஒரு போத்தல் சூசு கலக்கி வாங்கிக்கொண்டேன். ரயில் வந்தது. கம்பி ஜன்னலுக்குள் லெட்சுமி. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மடியில் மாரி, நன்றாகப் பேசுகிற வயசாகிவிட்டது. பக்கத்தில் காவலுக்கு ஒரு இளம் மலாய்ப் போலீஸ்காரர், துப்பாக்கியோடு. கைதிக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்று கையைக் குறுக்கே நீட்டினார்.

அதற்குள் மாரி போத்தலைப் பார்த்துவிட்டான். "சூசு! சூசு!" என்று இரண்டு கையையும் நீட்டினான்.

போலீஸ்காரர் பையனைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். "சூசு கா?" என்றார். நான் தலையாட்டினேன். "காசி லா, காசி" என்று கையை எடுத்துக்கொண்டார். கொடு, கொடு என்கிறார். அதிகாரி இல்லை, மொழிபெயர்ப்பாளர் இல்லை, பேனா இல்லை. ஒரே சொல்லில் அவருக்குப் புரிந்துவிட்டது. நான் அங்கேயே நின்று ஓவென்று அழுதேன்.

லெட்சுமி அழவில்லை. பிள்ளைக்குப் புகட்டிக்கொண்டே கேட்டாள். அதுவரை என்னைக் கிராணியம்மா என்றே கூப்பிட்டவள் அன்றைக்குத்தான் முதல்முறையாக அக்கா என்றாள்.

"அக்கா, உங்க ஊர்ல எனக்கு யாரையும் தெரியாது. எறங்கின ஒடனே இவனுக்குப் பசிக்கும். சூசுவுக்கு அங்க என்னான்னு கேக்கணும்?"

"பால்னு கேக்கணும் லெட்சுமி."

அவள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

"அந்த வார்த்தையா? வேணாம்கா. அத நான் இனிமே வாயில எடுக்க மாட்டேன். சூசுன்னே கேக்குறேன். புரிஞ்சவங்க குடுக்கட்டும்."

ரயில் கிளம்பிவிட்டது. மாரி காலிப் போத்தலை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினான், என்னால் ஓடி வாங்க முடியவில்லை.

கப்பல் தபால் மெதுவாகத்தான் வரும். நீங்கள் இதை அச்சில் படிக்கும்போது அவள் நாகப்பட்டினத்தில் இறங்கி நாளாகியிருக்கும். கைலி கட்டிய ஒருத்தி, இடுப்பில் ஒரு பையனோடு, உங்கள் கடை வாசலில் நின்று "சூசு இருக்கா?" என்று கேட்டிருக்கலாம். ஏதோ பைத்தியம் என்று நீங்கள் விரட்டியும் இருக்கலாம். அவள் மறுபடியும் வந்தால் விரட்டாதீர்கள். அவள் கேட்பது பால்.